சில நாள் தங்கும் குறி: காட்டெலி, மூஞ்சூறு ஆய்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

முந்திரித் தோப்பில் மூன்றாம் நாள் விடியற்காலை. 17-ஆம் எண் பொறியில் ஒரு வெள்ளெலி கிடக்கிறது. நேற்று 22-ஆம் எண்ணில் விழுந்ததும் வெள்ளெலிதான். அதே எலியா, வேறு எலியா? ஐந்து நாளில் நாற்பது முறை எலி விழுந்தது என்று நோட்டில் எழுதிவிடலாம். அது நாற்பது எலியாகவும் இருக்கலாம். பத்தே எலிகள் மசால் வடைக்கு ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்ப வந்ததாகவும் இருக்கலாம். குறி இல்லாவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

விருத்தாசலம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேருடைய ஆடுகள் ஒன்றாக அடைந்து கிடக்கும். காலையில் முதுகிலோ கொம்பிலோ உள்ள சாயத்தைப் பார்த்து அவரவர் ஆட்டை அவரவர் பிரித்து ஓட்டிப் போவார்கள். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். ஆனால் ஆடு மனிதக் கைக்குப் பழகியது, எலி செத்துவிடுவோம் என்று பயந்து கிடக்கிறது. கீழே சொல்லும் எல்லா முறைகளிலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எலி உங்கள் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

நான் கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் செம்மண் மேட்டிலும், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து நெல்வயல்களிலும், கோயில் காடுகளை ஒட்டிய தோப்புகளிலும் மாணவர்களோடு செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

குறி எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை உங்கள் கேள்விதான் சொல்லும். ஒரு தோப்பில் இப்போது எத்தனை எலி இருக்கும் என்பதுதான் கேள்வி என்றால் ஐந்தாறு நாள் தங்கினால் போதும். மேல்முடியைக் கத்தரிக்கும் முறையே தாராளம். இரண்டு இரவு மட்டும் பொறி வைக்கிறீர்களா, வாலில் மார்க்கர் கோடு போதும். ராத்திரி எந்த வழியாகப் போகிறது, எந்தப் புதரில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமா, ஒளிரும் பொடி. ஒரே விலங்கை ஒரு வருஷம் தொடர வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதற்குக் காதுத் தகடு, தோலுக்கடியில் வைக்கும் சிப் என்று வேறு வழிகள் உண்டு.

விரல் நுனியை வெட்டி எண் கொடுக்கும் பழைய முறையைச் சில பழைய கையேடுகளில் இன்னும் பார்க்கலாம். அந்த விரல் மறுபடி முளைக்காது, அதனால் அது தற்காலிகக் குறியே இல்லை. ஐந்து நாள் கணக்குக்காக ஒரு உயிரின் விரலை எடுக்க வேண்டியதில்லை. எங்கள் மாணவர்கள் யாரையும் நான் அதைச் செய்ய விட்டதில்லை.

அனுமதி

'எலிதானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்ற நினைப்பு பலரிடம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால், காக்கை ஆகியவை தீங்குயிர் என்ற தனி அட்டவணையில் இருந்தன. 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அட்டவணைகள் மாறின. அந்தப் பழைய அட்டவணை இப்போது இல்லை. ஆகவே எந்த இனத்தைப் பிடிக்கப்போகிறீர்கள் என்று எழுதி, வனத்துறையிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கல்லூரி, பல்கலைக்கழக வேலை என்றால் அங்குள்ள விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. கடலூரிலிருந்து வடக்கே நடந்தால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும், சில இடத்தில் ஒரு வாய்க்கால்தான் எல்லை. பொறி வரிசையின் ஒரு முனை கடலூர் மாவட்டத்திலும் மறுமுனை பாகூர்க் கொம்யூனிலும் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு) விழுந்தால் இரண்டு வனத்துறைகளிடமும் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். வரைபடத்தை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நிலத்துக்காரர், கோயில் பூசாரி, அந்த வயலில் எலி பிடிக்க வரும் இருளர் குடும்பங்கள் என மூன்று தரப்பிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். ஒருமுறை நாங்கள் பேசாமல் விட்டோம். முதுகில் முடியில்லாத எலியைப் பார்த்த விவசாயி ஏதோ புதுநோய் வந்துவிட்டது என்று பயந்துபோனார், ஊரே கூடிவிட்டது. அவர் பயந்ததில் தப்பில்லை. சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

யார் யார் விழுவார்கள்

ஆளுக்கேற்ற குறி என்பதால் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளெலி: மணற்பாங்கான மேட்டிலும் முந்திரித் தோப்பிலும் இருக்கும். பெரிய கண், வெள்ளை வயிறு, உடம்பைவிட நீளமான வால், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். வாலின் நுனிப்பக்கம் பிடித்தால் தோல் உறையைப் போலக் கழன்று வந்துவிடும். இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

வரப்பெலி: நெல்வயல் வரப்பில் வளை தோண்டி, கதிரை உள்ளே இழுத்து வைப்பது. கட்டையான உடம்பு, உடம்பைவிடக் குட்டையான கறுத்த வால். கோபம் வந்தால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். கடியும் பலமாக இருக்கும்.

புல்லெலிக்குக் கையில் எடுத்தாலே தெரியும் மென்மையான முடி. வயல் சுண்டெலி பத்து கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மூஞ்சூறு எலி இனமே அல்ல. நீண்ட மூக்கும் கஸ்தூரி வாசனையும் அதைக் காட்டிக்கொடுக்கும். பூச்சி தின்கிற விலங்கு, வேகமாகப் பசிக்கும், பொறிக்குள் தீனியில்லாமல் வெகுநேரம் கிடந்தால் செத்தே போகும்.

பொறி வைத்தல்

நம் வீட்டு மரப்பொறியோ கம்பிக்கூண்டோ போதும். எலியை நசுக்கும் கிட்டி மட்டும் வேண்டாம். கிடைத்தால் மடக்கும் ஷெர்மன் பொறி நல்லது. அது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பெட்டி, பையில் அடுக்கிக்கொண்டு போகலாம். பத்து மீட்டருக்கு ஒன்றாக ஏழு வரிசையில் ஏழு பொறி, மொத்தம் 49. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, பக்கத்துக் கிளையில் துணி நாடா கட்டிவிடுங்கள்.

தீனிக்கு வறுத்த வேர்க்கடலையும் சுட்ட தேங்காய்ச் சில்லும் நன்றாகவே வேலை செய்யும். மூஞ்சூறு வர வாய்ப்புள்ள இடத்தில் ஒரு துண்டு கருவாடும் சேர்த்து வையுங்கள். உள்ளே ஒரு பிடி வைக்கோல் போட மறக்காதீர்கள், தை மாதப் பனியில் அலுமினியம் ஐஸ் மாதிரிச் சில்லிடும்.

சூரியன் மறையும் நேரத்தில் திறந்து, நடுராத்திரி ஒருமுறை பார்த்து, விடிந்ததும் மூடிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் எந்தப் பொறியும் வெயிலில் இருக்கக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தின்போது இந்த வேலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம், கடலூரில் ஒரே இரவு மழையில் வயல் முழுகிப் பொறிக்குள் தண்ணீர் ஏறிவிடும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசிதான் எங்களுக்கு ஒத்துவந்த காலம்.

கோயில் காட்டில் சன்னதியை ஒட்டிப் பொறி வைக்காதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் எல்லைக்கு வெளியே, ஷூவோடு நடக்கும் இடத்தில் வையுங்கள். அந்த எல்லையை மதிப்பதும் ஆகும், உண்ணிப்பூச்சியிடமிருந்து காலைக் காப்பாற்றுவதும் ஆகும். பூச்சியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பிடித்தல்

இருட்டான, காற்று புகும் பருத்தித் துணிப்பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழம் நீளம் போதும். பையின் வாயைப் பொறியின் கதவுப்பக்கம் இறுகச் சுற்றிப் பிடித்து, கதவைத் தள்ளித் திறந்து, பொறியைச் செங்குத்தாகத் தூக்கினால் எலி பைக்குள் சறுக்கி விழும். வாயை முறுக்கிப் பிடியுங்கள். சுருள்வில் தராசில் பையோடு எடை பார்த்து, பையின் எடையைக் கழியுங்கள்.

இப்போது வெளியிலிருந்தே உள்ளங்கையால் எலியை மூலைக்கு ஒதுக்குங்கள். துணி வழியே கழுத்துப் பிடரியைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடியுங்கள். தலை இருட்டில் இருக்கும்வரை எலி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பிடரியை விடாமல் பையைப் பின்பக்கத்திலிருந்து சுருட்டினால் முதுகு மட்டும் வெளியே தெரியும், பல் உள்ளேயே இருக்கும். நெஞ்சை அழுத்தாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடம்பு தொய்ந்தாலோ குறியை மறந்துவிட்டு நிழலில் விட்டுவிடுங்கள். நோட்டில் 'குறியில்லாமல் விடப்பட்டது' என்று எழுதினால் போதும்.

மேல்முடியைக் கத்தரித்தல்

எனக்குப் பிடித்த முறை இதுதான். செலவில்லை, வலியில்லை, ரசாயனம் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுனி மழுங்கிய, வளைந்த சின்னக் கத்தரிக்கோல் ஒன்று மட்டும் வேண்டும்.

எலியின் முதுகில் ஒரே முடியில் இரண்டு நிறம் இருக்கிறது. மேலே பழுப்பு, அடியில் சாம்பல். வளைவு வெளிப்பக்கம் இருக்கும்படி கத்தரியைப் படுக்கையாக வைத்து மேல் பாதியை மட்டும் நறுக்கினால், தவிடு மாதிரி முடி கொட்டும். அடியிலிருந்து பெருவிரல் நகம் அளவில் ஒரு சாம்பல் திட்டு தெரியும். தோல் தெரிந்தால் அளவுக்கு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். கீறல் விழுந்தால் எறும்பும் ஈயும் வரும். கொட்டிய முடியை எலியின் முகத்தருகே ஊதாதீர்கள்.

ஒவ்வொரு எலிக்கும் தனி எண் எப்படிக் கொடுப்பது? 1, 2, 4, 7 என்ற நான்கு எண்ணைக் கொண்டு, எந்த இலக்கத்தையும் அதிகபட்சம் இரண்டு திட்டில் எழுதிவிடலாம். இடப்பக்கம் கழுத்து 1, தோள் 2, விலா 4, தொடை 7. வலப்பக்கம் அதே வரிசையில் 10, 20, 40, 70. 36-ஆம் எலிக்கு வலது கழுத்தும் வலது தோளும் சேர்ந்து 30, இடது தோளும் இடது விலாவும் சேர்ந்து 6. 58 என்றால் வலது கழுத்து, வலது விலா, இடது கழுத்து, இடது தொடை. இப்படி 99 வரை போகலாம். இடது, வலது என்பது எலியின் இடது, வலதுதான், உங்களுடையது அல்ல. முதல் நாள் இதில் எல்லாரும் குழம்புவார்கள், பைக்கு மேலேயே அம்புக்குறி வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் சுண்டெலியின் முதுகில் எட்டு இடத்துக்கு இடமில்லை. நான்கே இடம் வைத்து, ஒன்றோ இரண்டோ கத்தரித்தால் பத்து எலிவரை பிரித்தறியலாம். அதற்கு மேல் வந்தால் வாலில் மார்க்கர் நிறத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூஞ்சூறின் முடி வெல்வெட் மாதிரி குட்டையாகவும் மேலும் கீழும் ஒரே சாம்பலாகவும் இருப்பதால் திட்டு பளிச்சென்று தெரியாது. அதை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

கத்தரித்த முடி உடனே வளராது. அடுத்து முடி உதிர்ந்து முளைக்கும் சுற்று வரும்வரை அப்படியே குட்டையாக இருக்கும், வந்தபின் விரைவில் மூடிக்கொள்ளும். பெரிய எலியில் பல வாரம் தங்கலாம். குட்டிமுடி மாறும் பருவத்தில் உள்ள இளசுகளில் அதை நம்ப முடியாது. அதனால் எடையோடு 'குட்டி' அல்லது 'பெரியது' என்பதையும் எழுதுங்கள்.

வாலில் மார்க்கர்

சைலீன் என்ற நச்சுக் கரைப்பான் இல்லாத பெர்மனென்ட் மார்க்கரால் வாலின் அடிப்பக்கத்தில் மெல்லிய வளையம். ஒரு வளையம், இரண்டு வளையம், நிறம் மாற்றி ஒன்று என்று சில எண்கள் கிடைக்கும். எலி நக்கி நக்கி இரண்டு மூன்று நாளில் போய்விடும். சுண்டெலிக்கும் மூஞ்சூறுக்கும் நன்றாகத் தெரியும். வரப்பெலியின் வால் கறுப்பு, கறுப்பு மை தெரியாது. வெள்ளெலியின் வாலில் முடி இருப்பதால் மை தோலில் பிடிக்காது. அதற்கு வெள்ளை வயிற்றில் ஆட்டுக்குப் போடும் சாயக்கட்டியால் ஒரு கோடு இழுங்கள்.

தனியாக இது பலவீனமான குறி. கத்தரிப்போடு சேர்த்துப் போட்டால் இதன் அருமை தெரியும். இரண்டில் ஒன்று அழிந்தாலும் மற்றது சொல்லிக்கொடுக்கும், எத்தனை குறி அழிகிறது என்ற கணக்கும் கிடைக்கும்.

சாயங்கள்: இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள்

பழைய ஆய்வுகளில் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள் கறையைப் பயன்படுத்தினார்கள். அது நஞ்சு, காய்ந்தால் வெடிக்கும் தன்மையும் உண்டு. தொடவே வேண்டாம்.

தலைச்சாயம் வெளிர் முடியில் நன்றாகப் பிடிக்கும், அணில் ஆய்வுகளுக்கு உதவும். ஆனால் ஊற இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதற்குள் விலங்கு நக்கிவிடும். அவ்வளவு நேரம் எலியைப் பைக்குள் வைத்திருப்பது நியாயமில்லை. மருதாணி போடலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது சிவக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பழுப்பு முடியில் தெரியவும் தெரியாது.

ரோடமின் பி என்ற சாயத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். தீனியில் இதைக் கலந்து வைத்தால் தின்ற விலங்கின் வளரும் முடியிலும் மீசையிலும் ஒரு பட்டையாகச் சேர்ந்துகொள்ளும், தகுந்த வெளிச்சம் பாய்ச்சினால் அந்தப் பட்டை ஒளிரும். பிடிக்காமலேயே குறி போடும் வழி என்பதால் உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இதே சாயம்தான் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, முதலில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை வந்தது. நம் வயல்களில் இருளர் மக்கள் வரப்பெலியைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், வளையில் சேர்ந்த நெல்லையும் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தை கையில் உள்ள மிட்டாயில் கூடாது என்று தடுத்த சாயத்தை இன்னொரு குழந்தையின் தட்டுக்குப் போகக்கூடிய எலிக்கு ஊட்டுவதா? எலியை உணவாக எடுக்கும் நிலத்தில் ரோடமின் பி தீனி வைக்கவே கூடாது என்பது என் முடிவு. அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டதும் இதுதான்: "தம்பி, நீங்க தடவுறது எங்க புள்ளைங்க வயித்துக்கு ஆவுமா?" கத்தரிக்கோலைக் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, எந்த வரப்பில் புது வளை இருக்கிறது என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினார்.

ஒளிரும் பொடி

எலி போன தடத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஒளிரும் நிறமிப் பொடியை ஒரு சின்னப் பையில் போட்டு, எலியின் பின்பாதியை மட்டும் உள்ளே நுழைத்து மெல்லத் தட்டுங்கள். முகம், கண், பிறப்புறுப்பில் படக் கூடாது. நீங்களும் முகக்கவசம் போடுங்கள். பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த இரவு புறஊதா டார்ச்சோடு போங்கள். சருகில், காசாஞ்செடியின் தண்டில், சில சமயம் ஆள் உயரக் கிளையில்கூட ஆரஞ்சுப் புள்ளிகள் மின்னும். தடத்தின் மேலேயே ஒரு நூலை இழுத்துக்கொண்டு போனால் நீளத்தை அளந்துவிடலாம். ஓரிரு இரவுதான் தடம் கிடைக்கும், பனி கொட்டினால் அதுவும் மங்கும். பக்கத்துப் பக்கத்து எலிகளுக்கு ஒரே நிறம் போடாதீர்கள். ஹோலிப் பொடி இதற்கு ஆகாது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முள்ளெலி கிடைத்தால் சில முள் நுனியில் நகப்பூச்சு போதும். வௌவாலைப் பயிற்சியும் தடுப்பூசியும் இல்லாமல் யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

நோட்டும் கணக்கும்

ஒரு எலிக்கு ஒரு வரி. தேதி, பொறி எண், இனம், ஆணா பெண்ணா, எடை, குறி எண், எத்தனை திட்டு, புதிதா பழையதா. திட்டின் எண்ணிக்கையைத் தனியாக எழுதுவது முக்கியம். இரண்டு திட்டில் ஒன்று மறைந்தால் 6 என்பது 2 ஆகவோ 4 ஆகவோ மாறிவிடும். முதுகைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

முதல் சுற்றில் 30 எலிக்குக் குறி போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 25 விழுந்தது, அதில் 8-க்குக் குறி இருக்கிறது. எளிய கணக்கு 30-ஐ 25-ஆல் பெருக்கி 8-ஆல் வகுப்பது. 94 வரும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சாப்மன் என்பவரின் திருத்தம் நம்பகமானது: மூன்று எண்ணோடும் ஒன்றைக் கூட்டி, 31-ஐ 26-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். 89 எலி. அந்த எட்டில் இரண்டு எலியின் குறி அழிந்துபோய், 'புதியது' என்று தவறாக எழுதிவிட்டீர்கள் என்றால்? 9-க்குப் பதில் 7-ஆல் வகுக்க வேண்டும், விடை 114. இல்லாத 25 எலிகள் தோப்புக்குள் வந்துவிட்டன. இரட்டைக் குறி போடச் சொன்னது இதற்குத்தான்.

உங்கள் உடம்பு

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தப் பகுதி எலிகளையும் மூஞ்சூறுகளையும் அவற்றின் மேல் வாழும் பூச்சிகளையும் ஆராய்ந்து வருகிறது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இங்கே உண்டு. கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சியின் இளம்புழு கடித்து வருவது அது. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், அதாவது நாம் வேலை செய்யும் அதே காலத்தில், கூடுதலாகப் பார்க்கிறார்கள். முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், பூச்சி விரட்டி எல்லாம் கட்டாயம். புல்லில் நேராக உட்காராதீர்கள். எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று நோட்டு எழுதும் வேலையை மட்டும் பாருங்கள். மெல்லிய ரப்பர் கையுறை எப்போதும், வரப்பெலிக்கு அதன் மேல் தோல் கையுறை.

இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் 'எலி பிடிக்கும் வேலை செய்தேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

கடைசி நாள்

ஒவ்வொரு எலியையும் அது விழுந்த பொறியின் அருகிலேயே, புதர்ப்பக்கம் முகம் இருக்கும்படி விடுங்கள். வெட்டவெளியில் விட்டால் காக்கைக்குத்தான் விருந்து. நிலத்துக்காரரிடமும் இருளர் குடியிருப்பிலும் வேலை முடிந்தது, இன்னும் சில வாரம் முதுகில் திட்டுள்ள எலிகள் கண்ணில் படும், அது நோயல்ல என்று மறுபடி சொல்லுங்கள். அப்படிப் பார்த்தால் தகவல் சொல்ல உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். பொறிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் முக்கி, நல்ல வெயிலில் காயவையுங்கள்.

கிளையில் கட்டிய நாடாவை அவிழ்த்துக்கொண்டே பொறிகளை எண்ணி அடுக்குங்கள். 48 வந்தால் வண்டி கிளம்பக் கூடாது. இன்னும் ஒரு பொறி எங்கோ புதருக்குள் இருக்கிறது, அதில் ஒன்று விழுந்து கிடக்கலாம்.